மோரில் ஒரு ஸ்பூன்

கசப்பான எதையும் மோரில் கலந்துவிட்டால் பாதிக்கு மேல் தெரியாது, மேடம். கொஞ்சம் பெருங்காயம், தட்டிய இஞ்சி, கறிவேப்பிலையைக் கையால் கிள்ளிப் போட்டால் மீதியும் போய்விடும். பாலில் கலந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். தேனில் குழைத்தால் நாக்கிலேயே நிற்கும். இதையெல்லாம் நானே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மோருக்கு வந்தேன்.

நின்றுகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடுகிறது, எதிரில் இருப்பவர்களுக்குப் பேஜார். ஆம்பூரிலிருந்து இந்தப் பேரணாம்பட்டு வரைக்கும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்றே பாதி ஆயுசு போன உடம்பு இது. கண்ணும் சும்மா இருக்காது. உங்கள் கைப்பையின் பிடி ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது, பாருங்கள். இப்போதே ஒரு தையல் போட்டால் நிற்கும்.

என் பெயர் ஆரோக்கியமேரி. போன மாதம் இறந்துபோன கிறிஸ்டினா என் தங்கை. அவள் புருஷன் ஆல்வின் நேற்று உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்திருக்கிறார். வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, நாட்டு மருந்துக் கடை அப்துல் சமத் பாய், அவர் கொடுத்த பொடியை கிறிஸ்டினா யாருக்கும் தெரியாமல் வாங்கிக் குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டாள், அதனால்தான் வைத்தியம் தடைப்பட்டுச் செத்தாள் என்று அதில் இருக்கிறது. அந்தப் புகாரில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். தப்பைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போக எனக்கு வராது.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

அம்மா போனபோது கிறிஸ்டினா பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை. தலை பின்னுவது முதல் டிகிரி முடித்தது வரை என் கையில்தான். பிறகு கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தோம். ஆல்வின் நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் போன் செய்வாள். நல்லா இருக்கியா அக்கா, சாப்ட்டியா அக்கா, அதோடு சரி. கிறிஸ்மஸுக்கு வருவாள். வந்து செருப்பைக் கழற்றும்போதே திரும்பிப் போகும் டிக்கெட்டைப் பற்றிப் பேசுவாள். அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு ஆளுக்கு என்ன சமைப்பது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. தினமும் மிஞ்சும்.

அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும், வேலூரில் காட்டலாம் என்று முடிவானது. ஊர் ஊரிலிருந்து வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் ரூம் எடுத்துக் கஷ்டப்படுகிறார்கள். நமக்கு ஆம்பூரில் சொந்த வீடு இருக்கிறது. ஆல்வின் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தையின் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பிப் போனார். டாக்டர் சின்ன வயதுப் பெண், முகம் கொடுத்துப் பேசுவாள். சீக்கிரமே கண்டுபிடித்தாகிவிட்டது, கீமோவைத் தவறாமல் போட்டால் முழுசாகக் குணமாகும் என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னாள். தவறாமல் என்பதை இரண்டு தடவை சொன்னாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முதல் கீமோ ஊசி முடிந்து வீட்டுக்கு வந்தவள் பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் சுருண்டு கிடந்தாள். கொஞ்ச நாளில் தலைக்கு எண்ணெய் வைத்தேன். முடி கொத்தோடு என் கையில் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் டேனரியில், பதப்படுத்தாத பச்சைத் தோல் குடோனில் இருந்தவர். லாரியில் தோல் வந்ததும் மயிரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் தோல் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் நல்ல சரக்கு. வீட்டுக்கு வந்ததும் எங்கள் சடையையும் அதேமாதிரி இழுத்துப் பார்த்து, கெட்டிச் சரக்கு என்று சிரிப்பார். கிறிஸ்டினா அதற்காகவே வாசலில் ஓடிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அப்படி வளர்ந்தவள் கையில் தங்கையின் முடி மொத்தமாக வந்தால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். கீமோவில் முடி கொட்டும், திரும்ப வளரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். காதில் விழுந்தது. கை கேட்கவில்லை. மருந்து இவளை அழுக வைக்கிறது என்றுதான் என் கை சொன்னது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கீமோ லிவரைத் தின்றுவிடும், நாட்டு மருந்து கொடுத்தால் தாங்கும் என்று ஒரு அம்மா சொன்னாள். அன்றைக்கே பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறினேன். அப்துல் சமத் பாய் பொடி கொடுத்தார். வேர், பட்டை, ஏதோ கொடி என்று சொன்னார், மூட்டையாகவே வருகிறதாம், அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"இத்த காலையில ஒரு ஸ்பூன் குடுங்க. ஆனா டாக்டர் கிட்ட மறைக்காதீங்க. அவங்க வேணாம்னு சொன்னா, வேணாம்மா. பொடியக் கொண்டாந்து குடுத்துருங்க, வாங்கிக்கிறேன்."

அதனால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தொழுகைக்கு நேரம் ஆகிறது என்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கிறிஸ்டினா முதலில் தெரிந்துதான் குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, எனக்காகக் குடித்தாள். அடுத்த ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். லிவர் டெஸ்ட்டில் எண்கள் ஏறியிருந்தன. நாட்டு மருந்து, பொடி, கஷாயம் ஏதாவது எடுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டாள். கிறிஸ்டினா வாயைத் திறப்பதற்குள் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வரிசையில் நிற்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், மேடம். பையில் பொடி இருக்கும், வாயில் இல்லை என்று வரும். டாக்டர் யோசித்துவிட்டு, அப்படியானால் இந்த முறை கீமோவை ஹோல்ட் பண்ணுகிறோம், லிவர் எண்கள் இறங்கட்டும் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஹோல்ட் என்பது என் வார்த்தை. கம்பெனியில் ஒரு லாட்டில் சந்தேகம் வந்தால், தள்ளவும் மாட்டோம், அனுப்பவும் மாட்டோம். சிவப்புச் சீட்டு ஒட்டி ஹோல்ட் ரேக்கில் வைத்துவிடுவேன். எக்ஸ்போர்ட்டுக்கு லாரி வாசலில் நிற்கட்டும், மேனேஜர் தலைகீழாகக் குதிக்கட்டும், நான் சீட்டைக் கிழிக்காமல் அந்தச் சரக்கு அசையாது. கம்பெனியில் என்னை மதித்தது அந்தச் சீட்டுக்காகத்தான். ஆஸ்பத்திரியிலும் அது உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பஸ்ஸில் கிறிஸ்டினா கேட்டாள், ஏன் பொய் சொன்னே என்று. வீட்டுக்கு வந்ததும் பொடியை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். இனிமேல் டாக்டர் கொடுப்பதைத் தவிர எதுவும் வேண்டாம் என்றாள். நானும் சரி என்றேன்.

ஊசி இல்லாத அந்த நாட்கள் இருக்கின்றனவே, மேடம், அவ்வளவு நன்றாக இருந்தன. வாந்தி நின்றது. பசி வந்தது. கால் வலிக்கிறது என்று என் மடியில் காலைத் தூக்கிப் போட்டாள், சின்ன வயதில் போடுவதுபோலவே. ஆற்காடு போய் மக்கன் பேடா சாப்பிடலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். போனோம். பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் நின்று, சர்க்கரை ஜீரா முழங்கை வரை வழிய, இரண்டு பேரும் சாப்பிட்டோம். தலையில் துணி கட்டியிருந்தாள். அப்பாவைப் பற்றிப் பேசிச் சிரித்தாள். நான் இவ்வளவு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை நான் வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அன்று மாலை ஆல்வின் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கடைசி ஊசி முடிந்த மறுநாளே வண்டியோடு வருகிறேன், இனிமேல் ஆம்பூர், அக்கா வீடு என்று எங்கேயும் விடமாட்டேன் என்றார். குழந்தை பின்னாலிருந்து, எப்போ வருவே, எப்போ வருவே என்று கத்தியது. கிறிஸ்டினா போனை முத்தமிட்டாள். சீக்கிரம் வந்துடுவேண்டா கண்ணு என்றாள். நான் எழுந்து போய் ஏற்கனவே கழுவிய பாத்திரங்களைத் திரும்பக் கழுவினேன்.

மறுநாள் மறுபடியும் பேரணாம்பட்டு வந்தேன். டாக்டரிடம் சொன்னீர்களா என்று பாய் கேட்டார். சொன்னேன், கொடுக்கச் சொன்னார்கள் என்றேன். பெரிய மனுஷர், நம்பிவிட்டார்.

லிவரைக் காப்பாற்றத்தான் கொடுத்தேன். காலையில் உங்கள் ரைட்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஊசி விஷம், அதைத் தாங்க லிவருக்குத் தெம்பு வேண்டும் என்பது ஊரே சொல்கிற விஷயம். கிறிஸ்டினா வேண்டாம் என்றது கசப்புக்காக. கசப்பு தெரியாமல் கொடுத்தால் அவளுக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். டப்பாவைத் தையல் மிஷின் டிராயரில் வைத்தேன். அவளுக்குத் தைக்கத் தெரியாது.

பொடியில் ஒரு பக்குவம் இருக்கிறது. ஜாஸ்தி போனால் கண் மஞ்சளாகிவிடும், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவார்கள். கம்மியானால் எண்கள் இறங்கி ஊசியைப் போட்டுவிடுவார்கள். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாட்களில் எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் போகப் போகக் கைக்கு வந்துவிட்டது. சில தடவை தவறி, ஊசி போட்டார்கள். அப்போது அவள் படுகிற பாட்டைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். பெரும்பாலும் தவறவில்லை. ஹோல்ட், மறுபடி ஹோல்ட்.

டாக்டருக்குக் குழப்பம். மஞ்சள் காமாலைக் கிருமிக்கு டெஸ்ட் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். மருந்தை மாற்றினார்கள், அளவைக் குறைத்தார்கள். ஒரு நாள் கிறிஸ்டினா உள்ளே எடை பார்த்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"வீட்ல வேற எதாவது குடுக்குறீங்களாம்மா? மறைக்காம சொல்லுங்க. நான் கோபப்பட மாட்டேன். இது அவங்க உயிர் விஷயம்."

"மோர்தான் குடுக்குறேன் டாக்டர்."

நான் பொய் சொல்லவில்லை. மோரில்தான் கொடுத்தேன்.

இதற்கிடையில் கிறிஸ்டினாவின் தலையில் முடி வர ஆரம்பித்தது. முதலில் உள்ளங்கையில் சொரசொரவென்று தட்டுப்பட்டது. பிறகு விரலுக்குப் பிடிபடும் அளவுக்கு வந்தது. ஒரு நாள் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கெட்டிச் சரக்கு என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அப்பாவே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பார், எவ்வளவு நன்றாகத் தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அக்கா கைச் சாப்பாடு, அதான் முகத்தில் களை என்றார்கள்.

அவள் மட்டும் கையை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். ஏதோ உருண்டு இருக்கிறது அக்கா என்றாள். அதெல்லாம் நெறி கட்டியிருக்கும் என்றேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. படுப்பேன், எழுந்து கதவு தாழ்ப்பாளைப் பார்ப்பேன், கேஸைப் பார்ப்பேன், அவள் மூச்சைப் பார்ப்பேன், மறுபடி படுப்பேன். ஆனாலும் விடிந்ததும் மோரைக் கலக்கிவிடுவேன்.

பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல், முதுகெலும்பு எல்லாம் பரவிவிட்டது. டாக்டர் நாற்காலியை இழுத்து எங்களுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துதான் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கியது. நடுவில் அத்தனை தடவை நிறுத்த வேண்டிவந்ததே, அதற்குள் வளர்ந்துவிட்டது, இனிமேல் குணமாக்க முடியாது, கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்றாள். கிறிஸ்டினா தலையைத் தடவிக்கொண்டே, முடி நல்லா வந்துச்சே டாக்டர் என்றாள்.

அதன் பிறகும் கொடுத்தீர்களா என்று கேட்கிறீர்கள். கொடுத்தேன். வேறு ஊசி ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு மதியம் அடுப்படியில் மோர் கலந்துகொண்டிருந்தேன். வெந்நீர் வேண்டும் என்று அவள் எழுந்து வந்துவிட்டாள். டப்பா திறந்திருந்தது, ஸ்பூன் என் கையில் இருந்தது. அவள் டப்பாவைக் கையில் வாங்கி மோந்து பார்த்தாள். சாக்கடையில் கொட்டிய வாசனை அவளுக்கு மறக்கவில்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதுகெலும்பில் வலி, உட்கார்வதற்கே அவ்வளவு நேரம் ஆனது.

"எப்பலேர்ந்து அக்கா?"

"ஆற்காடு போய்ட்டு வந்ததிலேர்ந்து."

கத்துவாள் என்று நினைத்தேன். ஆல்வினுக்குப் போன் போடுவாள் என்று நினைத்தேன். நான் நிற்க முடியாமல் அடுப்பைத் துடைத்தேன், மேடையைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே துடைத்தேன். அப்புறம் அவள் சொன்னாள்.

"ஊருக்கு அனுப்ப மனசு வரலைன்னா சொல்லியிருக்கலாமே அக்கா. இருந்திருப்பேனே."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று சாயங்காலம் ஆல்வினிடம் போனில், நான்தான் யாருக்கும் தெரியாமல் பேரணாம்பட்டுப் பொடியை வாங்கிக் குடித்துவிட்டேன், அக்காவுக்கு எதுவும் தெரியாது, அவளை ஒன்றும் கேட்காதீர்கள் என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புகாரில் இருக்கிற தப்பு அங்கிருந்து வந்ததுதான். அவளை அடக்கம் செய்த அன்று கல்லறையில் நின்று ஆல்வின் திட்டினார். முட்டாள், படித்த முட்டாள், நீயே உன்னைக் கொன்றுகொண்டாயே என்று பெட்டியைப் பார்த்துத் திட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப்போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் அக்கா என்று அழுதார்.

அது சரியில்லை, மேடம். செத்துப்போனவள் மேல் அப்படி ஒரு சொல் நிற்கக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. நான் போட்ட ஹோல்டில் வேறொருத்தர் பேரை எழுதுவதை நான் கம்பெனியிலும் பொறுத்ததில்லை. கொடுத்தது நான். டாக்டர் கேட்டபோது மறைத்தது நான். பாயிடம் பொய் சொல்லி வாங்கியது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் ரைட்டர் கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதிலை மாற்ற வேண்டும். ஊசியைத் தள்ளிப்போட்டால் கட்டி வளரும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதை அடித்துவிடுங்கள். ஹோல்ட் ரேக்கில் சரக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் கெடாமல் இருக்கும், அது பதப்படுத்தி முடித்த தோல். பச்சைத் தோல் அப்படி இல்லை. ஒரு தடவை ஸ்டிரைக் வந்து அப்பாவின் குடோனைப் பூட்டிவிட்டார்கள். திறந்த அன்று அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நான். அந்த நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று அந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் கம்மி. தெரியும் என்று எழுதுங்கள்.

தெரிந்தும் ஏன் என்றுதானே கேட்கப் போகிறீர்கள். அந்த அடுப்படியில் அவள் சொன்னதைத்தான் நானும் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நடந்துகொண்டே யோசிக்கிறேன், நின்றுகொண்டே யோசிக்கிறேன். சொல்லியிருந்தால் இருந்திருப்பாளா. அந்த வாரமே ஆல்வினை வரச்சொன்னாள். வண்டி வந்தது. பின் சீட்டில் தலையணை வைத்து அவளைப் படுக்க வைத்தோம். வழியில் குடிக்க மோர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து குழந்தை பக்கத்தில்தான் உயிர் போயிற்று. இருந்திருப்பேன் என்று என்னிடம் சொன்னவள், அந்த வாரம்கூட என்னோடு இருக்கவில்லை. விட்டால் போய்விடுவாள் என்று நான் பயந்தது சரியாகத்தானே இருந்தது, மேடம்.